அம்மாவுக்குக் கை, அப்பாவுக்குக் கால்

தம்பி நடக்கப் பழகிய வருஷம் எங்கள் வீட்டில் அவனைத் தூக்க ஆள் இல்லை. அம்மாவுக்கு இரண்டு கையும் ஒடிந்திருந்தன. அப்பாவுக்கு வலது கால் ஒடிந்திருந்தது. எனக்குத் தூக்க ஆசைதான். ஆனால் மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணின் இடுப்பில் நிற்கிற பிள்ளையாக அவன் இல்லை. நன்றாகப் பால் குடித்து வளர்ந்தவன். தூக்கினால் அவன் கால் என் முழங்காலுக்குக் கீழே தொங்கும். நாலடி நடப்பதற்குள் இருவரும் சேர்ந்து விழுவோம். விழுந்தால் அவன் சிரிப்பான், எனக்கு அடி விழும்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு நிற்கும். புறப்படுவதற்கு முன் கிளீனர் அதில் கரியைக் கொட்டி, கைப்பிடியைப் பிடித்து விசிறியைச் சுற்று சுற்றென்று சுற்றுவான். ஏற்றம் வந்தால் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும், பெண்கள் உள்ளே உட்கார்ந்து சாமியைக் கும்பிட வேண்டும். அப்படி ஒரு பஸ்ஸில்தான் அப்பாவும் அம்மாவும் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பினார்கள். தேரிக்காட்டு ஓரத்தில் செம்மணல் சரிந்து பாதையை மூடிக் கிடந்த ஒரு திருப்பத்தில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. வேகமாக ஒன்றும் இல்லையாம். படுக்கப் போகிற எருமை மாதிரி யோசித்து யோசித்துச் சாய்ந்தது என்று அப்பா சொல்வார். அடுப்பு கழன்று தூரப் போய் மணலில் விழுந்ததால் யாரும் வேகவில்லை. யாருக்கும் உயிருக்குச் சேதமும் இல்லை. அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் மேல் விழாமல் இருப்பதற்காகக் காலை எங்கோ ஊன்றினார். ஊன்றிய கால் ஒடிந்தது. அப்படியும் அவர் அவள் மேல்தான் விழுந்தார்.

தம்பிக்குச் சளி பிடித்திருந்ததால் அவனைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோகவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளத்தான் மாமா வந்திருந்தார். அந்தச் சளியைப் பற்றி அம்மா பிற்பாடு பேசும்போதெல்லாம் குலதெய்வத்தைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசுவாள். மடியில் அவன் இருந்திருந்தால் என்கிற பேச்சைத் தொடங்குவாள், முடிக்க மாட்டாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் வேலை. ஆனி, ஆடியில் காற்றும் கடலும் சரியிருக்காது என்பதால் தோணிகளைக் கரையில் ஏற்றிப் போட்டிருப்பார்கள். அந்த மாதங்களில் மாமாவும் எங்கள் வீட்டில் ஏற்றிப் போட்ட தோணி மாதிரிதான் கிடப்பார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அப்பா கயிற்றுக் கடை வைத்திருந்தார். மாமா எப்போதாவது கடைக்குப் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்து, "இது தாங்காது அத்தான்" என்று வாங்க வந்தவர் முன்னாலேயே சொல்லிவிட்டு வருவார். அப்பாவுக்கு அவரைக் கண்டால் தலைவலி. விபத்து நடந்த பிறகு கடையைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார், வீட்டை மாமா பார்த்துக்கொண்டார். இரண்டில் எது அதிகம் நஷ்டப்பட்டது என்று அப்பாவால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை.

எலும்பு கட்டுவதற்கு ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு வைத்தியர் வந்தார். பேச்சில் கடுமையானவர். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, மேலே மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். அம்மாவின் இரண்டு கையும் மடக்கி நெஞ்சோடு வைத்துக் கழுத்தில் தூளி போலக் கட்டப்பட்டன. அப்பாவின் கால் தொடையிலிருந்து பாதம்வரை ஒரே உத்திரமாக ஆனது. "காலை ஊனினீருன்னா அப்புறம் என்னைய கூப்பிடாதீரும் வே. வேற ஆளப் பாத்துக்கிடும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா கூடத்துக் கட்டிலில் படுத்தார். அம்மா அவர் பார்வையில் படுகிற மாதிரி எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒருவரிடம் கை இருந்தது, ஒருவரிடம் கால் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை நடத்த வேண்டியிருந்தது.

சமையல் மாமா செய்தார். தோணியில் அவர் முதலில் பண்டாரியாகத்தான் ஏறினாராம். தோணிக்காரர்கள் சமையல்காரனை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு தோணி ஆட்களுக்குப் பொங்கிய கைக்கு எங்கள் வீட்டு அளவு கடைசிவரை பிடிபடவில்லை. மத்தியானம் வைத்த குழம்பு தெருவில் பாதிப் பேருக்குப் போகும். வைத்தியர் புளி ஆகாது என்று சொல்லியிருந்தார். புளி இல்லாமல் மீன் குழம்பு வைப்பதா என்று மாமா அழாத குறையாக நின்றார்.

அம்மாவுக்குச் சோறு ஊட்டியது அப்பா. இதை இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு புருஷன் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாது. முதல் நாள் மாமாதான் ஊட்டப் போனார். அவர் உருட்டிய உருண்டையைப் பார்த்ததும் அம்மா வாயை மூடிக்கொண்டாள். நான் ஊட்டினேன், பாதி அவள் சேலையில் விழுந்தது. கடைசியில் அப்பா, "இங்கன கொண்டா தட்ட" என்றார். அம்மா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. "கதவச் சாத்துளா" என்று என்னிடம் சொன்னாள். அதிலிருந்து சாப்பாட்டு வேளையில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. வாசலில் நின்று, யாராவது வந்தால் இரும வேண்டும். நான் உத்தியோகத்தில் கொஞ்சம் அக்கறை எடுத்துக்கொண்டு, காக்காய் வந்தாலும் இருமினேன். உள்ளே அம்மா விழுங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

இதெல்லாம் எப்படியோ நடந்தது. நடக்காத காரியம் ஒன்றுதான். தம்பி அம்மாவிடம் போக மாட்டேன் என்றான்.

அம்மாவின் நெற்றியில் தையல் போட்டிருந்தது. அதற்காக முன்தலையில் முடியை மழித்துவிட்டிருந்தார்கள். காயத்தின் மேல் கறுப்பாக ஏதோ மருந்து. ஒரு கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. கை இல்லாத உடம்பு, உளுந்து நாற்றம். வைத்தியர் கட்டி முடித்து அவளைக் கூடத்துக்குக் கூட்டி வந்தபோது தம்பி ஒரு பார்வை பார்த்தான். பிறகு மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டான். அம்மா, "எய்யா, அம்மாயா" என்று கிட்டே வந்தாள். அவன் மூச்சு நின்றுவிடுகிற மாதிரி அழுதான். பழகிவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். வீக்கம் வடிந்தது, மருந்து உதிர்ந்தது, அவன் பழகவில்லை. அப்பாவின் கட்டிலுக்கு வருவான், மாமாவின் தோளில் தூங்குவான், என் சடையைப் பிடித்து இழுப்பான். அம்மா பக்கத்தில் வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிள்ளை தூங்கிய பிறகு அம்மா போய்ப் பக்கத்தில் படுத்து, அவன் விழிப்பதற்குள் எழுந்து வந்துவிடுவாள். கையில்லாமல் எழுந்திருப்பது அவளுக்குப் பெரிய பாடு. சுவரில் முதுகைக் கொடுத்து ஏறி ஏறி எழுவாள்.

இதற்குள் தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினான். பிறகு தவழ்கிற வேகம் கூடியது. எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் தெரு, பின்பக்கம் கிணறு. கிணற்றுக்கு இடுப்பளவு சுவர் உண்டுதான். ஆனால் சுவரை ஒட்டித் துவைக்கிற கல் கிடந்தது. ஒருநாள் அவன் அந்தக் கல்லின் மேல் வயிறு வைத்து ஏறிக்கொண்டிருந்ததை மாமா பார்த்துத் தூக்கி வந்தார். அன்றே சாயங்காலம் துறைமுகத்துக்குப் போய்ப் பழைய பாய்த்துணி ஒரு துண்டு கொண்டுவந்து, தோணிப் பாய் தைக்கிற கோணூசியால் தைத்தார். கை இல்லாத ஒரு சட்டை. முதுகில் ஒரு வளையம். வளையத்தில் அப்பா கடைக் கயிறு. கயிற்றின் மறுமுனை கட்டில் காலில்.

"கெட்டியா ஒரு முடிச்சு போட்டிருக்கேன். கொழும்பு வரைக்கும் தோணி கட்டிட்டு வந்த முடிச்சு. எமனே வந்தாலும் அவுக்க முடியாது" என்றார் மாமா.

தெருப்பெண்கள் வந்து பார்த்துக் கன்னத்தில் கை வைத்தார்கள். பிள்ளையைக் கன்றுக்குட்டி மாதிரி கட்டிப் போடுவதா என்று ஒருத்தி கேட்டாள். தம்பிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கூடத்தில் எதுவரை போகலாமோ அதுவரை போய், கயிறு இழுத்ததும் அப்படியே உட்கார்ந்து, திரும்பிக் கட்டிலுக்கு வருவான். அப்பா படுத்தபடியே கயிற்றைச் சுண்டுவார். அவன் சிரிப்பான். விபத்துக்குப் பிறகு அப்பா சிரித்ததை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். மாமாவை அவர் ஒரு நாளாவது பாராட்டினார் என்றால் அதுவும் அப்போதுதான். "பயலுக்கு மண்டையில என்னமோ இருக்கு" என்றார், மாமா காதில் விழாமல்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை. தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற நாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி அவனை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் வழிய அவன் கறுப்பு மீன் மாதிரி நழுவிக்கொண்டிருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. என் உத்தியோகத்துக்கு நேரமாகிவிட்டதோ என்று வேகமாக உள்ளே போனேன். கூடத்தில் யாரும் இல்லை. கட்டில் காலியாக இருந்தது. கட்டில் காலிலிருந்து கயிறு நீண்டு, அதன் முனையில் பாய்த்துணிச் சட்டை தரையில் கிடந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. குளிப்பாட்டப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துப் பின்கட்டுக்குப் போனேன்.

பின்வாசலிலிருந்து கிணற்றடி வரை மண்ணில் எதையோ இழுத்துப் போன தடம் கிடந்தது. தடத்தின் முடிவில் அப்பா கிடந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. துவைக்கிற கல்லில் ஒரு முழங்கையை ஊன்றியிருந்தார். கட்டுப் போட்ட கால் பின்னால் தனியாக நீட்டிக் கிடந்தது. வேட்டியெல்லாம் சேறு. முகத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றுச் சுவரின் விளிம்பைப் பிடிக்கக் கையை உயர்த்துவார், எட்டாது, இறக்குவார்.

என்னைப் பார்த்ததும் முகத்தை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். "வந்துட்டியாளா" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "அந்தக் கல்லுல ஏறி நின்னு கெணத்துக்குள்ள எட்டிப் பாரு. வாளி விழுந்து கெடக்கான்னு பாத்துச் சொல்லு."

வாளி அவர் தலைக்கு நேர் மேலே கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வாளி இங்கன தொங்குதுல்லாப்பா."

"அது இல்ல. வேற வாளி. நீ பாரு."

எங்கள் வீட்டில் வேறு வாளி கிடையாது. ஆனாலும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு யாரும் அனுமதி கொடுத்ததே இல்லை. கிடைத்த சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்று கல்லில் ஏறினேன். அப்பா என் பாவாடையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டார். சுவரில் வயிற்றை வைத்துக் குனிந்தேன். ஆடி மாதத்துத் தண்ணீர் ஆழத்தில் கிடந்தது. வட்டமாக வானம் தெரிந்தது, அதில் என் தலை தெரிந்தது.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் இல்ல. ஒரு தவள கெடக்கு."

"ஓரத்துல பாரு. சுத்திப் பாரு."

சுற்றிப் பார்த்தேன். வேப்பிலை மிதந்தது. அதையும் சொன்னேன்.

"தண்ணி கலங்கிக் கெடக்கா?"

"இல்லப்பா. தெளிஞ்சு கெடக்கு. அடியில மண்ணு தெரியுது."

"மண்ணு தெரியுதா? நெசமாத் தெரியுதாளா?"

"தெரியுது. கல்லு தெரியுது. ஒரு ஒடஞ்ச சட்டி தெரியுது. வாளி இல்ல."

"இன்னொருக்கப் பாரு" என்றார். பார்த்தேன். மறுபடி கேட்டார், மறுபடி அதையே சொன்னேன். என் பாவாடையிலிருந்து அவர் கை கழன்றது. இறங்கிப் பார்த்தால் இடுப்புச் சுருக்கு ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. அம்மாவிடம் என்ன சொல்வது என்கிற கவலை எனக்கு வந்தது. அப்பா கிழிசலைப் பார்க்கவில்லை. நெற்றியைத் துவைக்கிற கல்லில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. "தெளிஞ்சு கெடக்கு, தெளிஞ்சு கெடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் விழுந்ததில் அப்பாவுக்குக் காலோடு தலையிலும் அடி பட்டிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை என்று நான் அப்போது முடிவு செய்தேன்.

அதே சமயம் தெருவில் கூட்டமாகச் சத்தம் கேட்டது. எங்கள் தெருவுக்குத் திரேஸ்புரத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அக்காளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. "வழிய விடுங்கப்பா, வண்டிய நிறுத்து, பிள்ள வருது!"

நான் வாசலுக்கு ஓடினேன்.

தெரு நடுவில் அம்மா பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். முதுகு எங்கள் வீட்டுப் பக்கம். மழித்த தலையை மூடத் துணி இல்லை, முந்தானை எங்கோ இழுபட்டது. முழங்காலை மடக்கிக் குனிந்து, ஒவ்வொரு காலாகப் பின்னால் எடுத்து வைத்தாள். அவள் முன்னால் ஒட்டுத்துணி இல்லாமல், எண்ணெயும் புழுதியுமாகத் தம்பி. அவள் கொசுவத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே அண்ணாந்து பார்த்தபடி நடந்து வந்தான். சுவரைப் பிடிக்காமல் அவன் அவ்வளவு தூரம் நடந்து யாரும் பார்த்ததில்லை. ஓர் அடி வைப்பான், நிற்பான். அம்மா நிற்பாள். "வாய்யா, வாய்யா எங்கய்யா" என்பாள். அடுத்த அடி வைப்பான். இரண்டு பக்கமும் ஆட்கள் சப்பரம் வருவதைப் பார்க்கிற மாதிரி நின்றார்கள். ஒரு மாட்டுவண்டிக்காரன் உண்மையிலேயே வண்டியை நிறுத்தியிருந்தான். மீன்கார அக்காள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே முன்னால் வந்து கூட்டத்தை விலக்கினாள்.

நடந்தது இதுதான். தம்பிக்கு எண்ணெய் தேய்த்து முடித்த சமயம், தோணியை ஓட்டுகிற தண்டல் மாமாவுக்கு ஆள் அனுப்பினார். எண்ணெய் ஊறட்டும், இந்தா வந்துவிடுகிறேன் என்று மாமா எண்ணெய் உடம்பின் மேலேயே சட்டையை மாட்டிக் கயிற்றைக் கட்டிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். அம்மா உள்ளே மருந்து மயக்கத்தில் படுத்திருந்தாள். அப்பா பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்தவர் காற்றில் கண்ணயர்ந்துவிட்டார். தம்பி சட்டையிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிட்டான்.

அப்பா விழித்தபோது கயிறு லேசாக இருந்தது. இழுத்தார், சட்டை மட்டும் வந்தது. அவர் போட்ட சத்தத்தில் அம்மா சுவரில் ஏறி எழுந்து ஓடி வந்தாள். முன்கதவும் திறந்திருந்தது, பின்கதவும் திறந்திருந்தது. அம்மா தெருவுக்கு ஓடினாள். அவளிடம்தான் கால் இருந்தது.

தெருக்கோடியில் சங்கு சேர்த்து வைக்கிற கிட்டங்கி ஒன்று உண்டு. கடலில் குளித்து எடுத்த சங்குகளை முற்றத்தில் மலையாகக் குவித்துக் காயப் போட்டிருப்பார்கள். சதை அழுகிய நாற்றத்துக்கு மனிதர்கள் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். தம்பி அங்கே இரண்டு சங்கை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலையாட்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அம்மா அவன் முன்னால் போய் மண்டியிட்டாள். கூப்பிட்டாள். அவன் வழக்கம் போல முகத்தைத் திருப்பினான். தூக்கவும் கையில்லை, அவனை வரவைக்கவும் வழியில்லை. மீன்கார அக்காள் அந்த வழியாக வந்தவள், "நீ வெலகு தாயி, நான் தூக்கியாறேன்" என்று கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கையை நீட்டினாள். மீன் செதில் மினுங்குகிற இரண்டு பெரிய கைகள் தன்னை நோக்கி வருவதைத் தம்பி பார்த்தான். வீறிட்டு, எழுந்து, பாய்ந்து, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"என்னயப் பாத்துத்தான் ஒம் பிள்ளைக்கு ஒம் மொகம் ஞாபகம் வந்துருக்கு" என்று அக்காள் பின்னால் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் விட்டுவிட்டு வேறு யாரிடமாவது போய்விடுவானோ என்று அம்மாவுக்குப் பயம். தூக்க வந்த ஆட்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் அவ்வளவு தூரமும் பின்னோக்கி நடந்தே வந்தாள்.

நான் பின்கட்டுக்கு ஓடிப் போய், "அப்பா! தம்பி நடக்கான்! அம்மாவப் பிடிச்சிக்கிட்டு நடக்கான்!" என்று கத்தினேன். அப்பா கல்லிலிருந்து முகத்தை எடுத்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அம்மா தம்பியோடு பின்வாசலில் வந்து நின்றாள். அவன் இன்னும் கொசுவத்தை விடவில்லை.

"நீங்க ஏன் இங்கன வந்திய? காலு என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

"சும்மா, காத்து வாங்கலாம்னு" என்றார் அப்பா.

அம்மா அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். தம்பி அவள் மடியில் ஏறி, நெஞ்சின் மேல் கட்டிக் கிடந்த கைகளில் தலையை வைத்துக்கொண்டான். கட்டு அவனுக்குக் குத்தியிருக்க வேண்டும். இடமும் வலமும் புரண்டு, வாகாக ஓர் இடம் கண்டுபிடித்து, அங்கேயே தூங்கிவிட்டான். அவன் உடம்பில் சங்கு நாற்றம் குடலைப் பிடுங்கியது. அம்மா குனிந்து அவன் தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா மீனோடு வந்தபோது அப்பாவை நான்கு பேர் தூக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். ஆளாளுக்கு நடந்ததைச் சொன்னார்கள். மாமாவின் முகம் கறுத்தது. நேரே கட்டில் காலுக்குப் போனார். குனிந்து கயிற்றை எடுத்துப் பார்த்தார். நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்.

"முடிச்சு அவுந்துச்சா? அவுரலைல்லா? பின்ன?"

அப்பா தலையணையைத் தூக்கி அவர் மேல் எறிந்தார். குறி தப்பியது. அம்மா சிரித்தாள். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அப்பா சிரித்தார். பிறகு மாமாவும் சிரித்தார், என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமலே. புளி போட்டுக் குழம்பு வைக்கும்படி அன்று அம்மாவே சொன்னாள்.

சாயங்காலம் அப்பாவின் பாதம் வீங்கிவிட்டதால் மாமா வைத்தியரைக் கூட்டி வந்தார். கட்டு நெகிழ்ந்து சிம்பு ஒன்று முறிந்திருந்தது. வைத்தியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன வே செஞ்சீரு? ஓடிப் பிடிச்சு வெளையாடினீரோ?" என்று கத்தினார். உறக்கத்தில் கட்டிலிலிருந்து உருண்டுவிட்டதாக அப்பா சொன்னார். பொய் சொன்னால் என் வாயில் அடிக்கிறவர் எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தியர் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். புரட்டாசியில் அம்மாவின் கைகள் நன்றாகவே கூடின. தண்ணீர்க் குடம் தூக்குகிற அளவுக்குத் தேறிவிட்டாள். அப்பாவின் கால் கொஞ்சம் வளைந்துதான் கூடியது. கடைசிவரை சாய்ந்துதான் நடந்தார். பஸ்ஸில் ஒடிந்த கால் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்வார்.

அன்று சாயங்காலம் வைத்தியரைக் கொண்டுவிட மாமா போனார். தம்பி கூடத்தில் தூங்கினான். விளக்கு ஏற்றுகிற நேரம். அம்மாவால் ஏற்ற முடியாது என்பதால் நான்தான் ஏற்றினேன். என் மனதில் மத்தியானத்திலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. வைத்தியரிடம் சொல்லலாம் என்று நினைத்துப் பயத்தில் சொல்லவில்லை. இப்போது அம்மாவை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டு, அப்பாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னேன்.

"எம்மா, அப்பாவுக்குத் தலையிலயும் அடி பட்டிருக்கு. வாளி கம்பத்துல தொங்குது, கெணத்துக்குள்ள வாளி கெடக்கான்னு பாக்கச் சொல்லுதாவ. இல்லன்னு சொன்னா நம்ப மாட்டேங்காவ. தண்ணி கலங்கிருக்கா, மண்ணு தெரியுதான்னு திருப்பித் திருப்பிக் கேக்காவ. அதுலதான் என் பாவாடையும் கிழிஞ்சு போச்சு."

அம்மா பாவாடையைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. பின்வாசல் வழியாகக் கிணற்றடியைப் பார்த்தாள். அந்த இழுத்த தடம் இன்னும் மண்ணில் கிடந்தது. அதைக் கிணற்றிலிருந்து வாசல்படி வரைக்கும் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கூடத்துக்குப் போனாள்.

அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அம்மா கதவைச் சாத்தச் சொல்லவில்லை, யார் வருகிறார்கள் என்று பார்க்கவும் இல்லை. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கைகளோடு மெல்லக் குனிந்து, தன் நெற்றியை அப்பாவின் நெற்றியில் வைத்தாள். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

நான் சொன்னதை அம்மா நம்பிவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள், கையில்லாதவள் வேறு எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டு, விளக்கைக் காற்று அணைத்துவிடாமல் பிடித்தபடி அவர்கள் பக்கத்திலேயே நின்றேன். அவள் வெகுநேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.